சபையை விட்டு வந்தவர் எதை நம்புவது?

கடுமையான ஒரு சமயக் கூட்டத்தை விட்டு வெளியே வந்தவரிடம் ஊர் முதலில் கேட்பது, "அப்ப இப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்பதைத்தான். மஹய்யாவையில் இந்தக் கேள்விக்குத் தப்பி ஒளிய இடமே இல்லை. கண்டி டவுனிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும்போது வரும் இந்த இடத்தில், மாநகர சபையின் சுத்திகரிப்பு வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் நெருக்கமான வீடுகளில் வாழ்கிறார்கள். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் பன்சலைப் பிரித்தும் சபையின் கீபோர்டும் ஒரே காற்றில் வந்து சேரும். யார் எந்த வாசலுக்குப் போகிறார் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். எந்த வாசலுக்கும் போகாமல் நிற்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் தெரியாது.

அப்படி நிற்பவருக்காகவும், அப்படி நிற்கும் மகனையோ தங்கச்சியையோ பார்த்துக் கலங்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். எந்தச் சமயத்தையும் விடச் சொல்லவோ எதிலும் சேரச் சொல்லவோ இல்லை. விட்டு வந்த பிறகு ஒருவருக்குள் என்ன நடக்கிறது, தனக்கென்று ஒரு நம்பிக்கையை அவர் எங்கிருந்து கட்டத் தொடங்கலாம் என்பதுதான் விஷயம். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியிலிருந்து தொடங்கக் கூடாது. நிறையப் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள், அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

நான் வளர்ந்தது ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபையில். பொட்டு இல்லை, பூ இல்லை, நகை இல்லை, சினிமா இல்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை, நடுவில் வீட்டுக் கூட்டங்கள். சம்பளம் வந்ததும் தசமபாகம். இந்த வகைக் கிறிஸ்தவம் இலங்கைக்கு நேற்று வந்தது அல்ல. 1920களிலேயே கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தொடங்கிவிட்டது. கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் ராமன்குட்டியாகப் பிறந்து கிறிஸ்தவரான பாஸ்டர் பாலும், ஆல்வின் டி அல்விஸும் அதன் தொடக்ககாலத் தலைவர்கள். வெள்ளை உடை, திருமணம் செய்யாத ஊழியர்கள், மருந்தை நாடாமல் ஜெபத்தால் சுகம் பெறுவது என்ற ஒழுங்கோடு அது தமிழ்நாட்டுக்கும் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. எங்கள் சபை அது அல்ல. ஆனாலும் உலகத்திலிருந்து பிரிந்து வாழ வேண்டும் என்ற அந்தக் கண்டிப்பு, பெயர் வேறுபட்ட எத்தனையோ சிறு சபைகளில் இருந்தது, இருக்கிறது.

சபை தந்ததை மறைத்துவிட்டுப் பேசினால் இந்த விளக்கமே பொய்யாகிவிடும். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் அப்பா குடியை விட்டார் என்றால் அதற்குச் சபைதான் காரணம். பகலெல்லாம் குப்பை லொறியோடு ஓடும் மனிதரை டவுனில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் 'பிரதர்'. வெள்ளைச் சட்டையோடு மைக்கின் முன் நின்று சாட்சி சொல்வார், நூறு பேர் 'அல்லேலூயா' என்பார்கள். அவருடைய மகள் மேடையில் பாடுவாள். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் இரவு முழுக்கக் கூட இருக்க ஆள் வரும். சாதியும் வேலையும் சேர்ந்து கீழே தள்ளிய ஒரு கூட்டத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே வெளியேறுகிறவர் இழப்பது ஒரு கொள்கையை மட்டும் அல்ல. கண்டிப்பான சமயம் ஒருவருடைய கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறது. எத்தனை மணிக்கு எழும்புவது, என்ன உடுத்துவது, யாரைக் கட்டுவது, காய்ச்சல் வந்தால் அதற்கு என்ன அர்த்தம், வேலை கிடைக்காமல் போனால் யாருடைய பாவம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே பதில் இருக்கும். வெளியே வந்த முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் அது புரியும். போக இடமில்லை. பழைய நண்பர்கள் எல்லாரும் ஆராதனையில் இருக்கிறார்கள். உள்ளே இருந்தபோது வெளியே நண்பர்களைச் சேர்க்கவும் இல்லை.

இந்த இடைவெளியை முறையாக ஆராய்ந்தவர்களில் ஹெலன் ரோஸ் ஈபா முக்கியமானவர். அமெரிக்கச் சமூகவியலாளர், அதற்கு முன் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. மடத்தை விட்டு வந்த பிறகு தன்னைப் போல ஏதோ ஒன்றிலிருந்து வெளியேறியவர்களைத் தேடிப் பேசினார். முன்னாள் கன்னியர்கள், தொழிலை விட்ட மருத்துவர்கள், மணமுறிவு பெற்றவர்கள் என்று 185 பேர். 1988இல் அது நூலாக வந்தது. அவர் கண்டது இதுதான்: வெளியேறுவது ஒரு நாளில் நடப்பதில்லை. முதலில் சந்தேகம், பிறகு வேறு வழி இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பது, பிறகு ஒரு திருப்பம், அதற்கும் பிறகு 'முன்னாள்' என்ற அடையாளத்தோடு வாழப் பழகுவது. திருப்பத்துக்கும் புதிய வாழ்வுக்கும் நடுவே எதிலும் சேராத ஒரு வெற்றுக் காலம் வருகிறது. அவரிடம் பேசிய பலருக்கு அது மிகக் கடினமாக இருந்திருக்கிறது. அந்த வெறுமையைப் பார்த்து 'நான் எடுத்த முடிவு தவறு' என்று நினைத்துவிடாதீர்கள். அது பாதையின் ஒரு பகுதி. பலரும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

அந்தக் காலத்தில் மனம் வேறு எதையாவது அவசரமாகப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். ஒரு கட்சி, ஒரு சுவாமியார், நேரடி வியாபாரக் கம்பனி ஒன்றின் கூட்டம், யூடியூப்பில் உரத்துப் பேசும் ஒரு நாத்திகர், அல்லது இன்னும் கண்டிப்பான இன்னொரு சபை. உள்ளே இருக்கும் ஆள் பழைய ஆள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வேண்டும், அதைச் சொல்ல ஒரு தலைவர் வேண்டும், எதிரே திட்ட ஒரு கூட்டம் வேண்டும். முழுசாக விட்டு வந்த ஒன்றின் இடத்தில் முழுசாக இன்னொன்றை வைப்பது கட்டுவது ஆகாது. குறைந்தது ஒரு வருடமாவது எதிலும் பெயர் கொடுக்காமல் இருக்கப் பாருங்கள்.

பயத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. சபைப் பிள்ளைகளுக்கு 'வருகை' தெரியும். ஒரு நாள் எக்காளம் தொனிக்கும், பரிசுத்தவான்கள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறேன். கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, அம்மாவின் செருப்பு வாசலில். அம்மா இல்லை. பக்கத்து வீட்டு அன்ரியும் இல்லை. மாத்தளை ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போகிறது. அம்மாவை எடுத்துக்கொண்டார்கள், நேற்று நான் சொன்ன பொய்யால் நான் மட்டும் மிஞ்சிவிட்டேன் என்று நினைத்து அடுப்படியிலேயே முழங்கால் போட்டு அழுதேன். அம்மா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அதை ஒரு கதையாக இப்போது சொல்ல முடிகிறது. ஆனால் சபையை விட்டு நெடுங்காலம் ஆன பிறகும், எதிர்பாராத நேரத்தில் வெறுமையான வீட்டுக்குள் நுழைந்தால் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும்.

வெளியேறியவர்கள் பலர் இதை வைத்துத் தங்களைத் தாங்களே குழப்பிக்கொள்கிறார்கள். 'பயம் வருகிறது என்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?' இல்லை. ஐந்து வயதில் பதிந்த பயம், இருபத்தைந்து வயதில் எடுத்த முடிவைக் கேட்டு நடப்பதில்லை. அறிவு முந்திப் போய்விடுகிறது, உடம்பு பின்னால் மெதுவாக வருகிறது. மிஷனரிக் குடும்பத்தில் பெந்தெகொஸ்தே நம்பிக்கையில் வளர்ந்து பிறகு உளவியலாளரான மார்லின் வைனெல் 1993இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னர் 2011இல் இதற்கு 'சமயக் காய நோய்க்குறி' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். அது மருத்துவ உலகம் அங்கீகரித்த நோய்ப் பட்டியலில் இல்லை, அதனால் யாராவது உங்களுக்கு அந்தப் பெயரை ஒட்டினால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் விவரிக்கும் பயம், குற்றவுணர்வு, எதையும் சொந்தமாக முடிவெடுக்க முடியாத தடுமாற்றம் எல்லாம் வெளியேறியவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை.

டேரில் வான் டொங்கெரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் அமெரிக்கா, நெதர்லாந்து, நியூசிலாந்து, ஹொங்கொங் ஆகிய நான்கு இடங்களில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவும் இதோடு சேர்கிறது. சமயத்தை விட்டவர்கள், எப்போதுமே சமயம் இல்லாமல் வளர்ந்தவர்களைப் போல ஆகிவிடுவதில்லை. எண்ணத்திலும் நடத்தையிலும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நிற்கிறார்கள். பழையது ஒரு படிவாகத் தங்குகிறது. இதில் எனக்கு ஆறுதல்தான் இருக்கிறது. தங்குவது பயம் மட்டும் அல்லவே. நோயாளியைப் பார்க்கப் போவது, சம்பளத்தில் ஒரு பங்கை இல்லாதவருக்கு ஒதுக்குவது, நாலு பேர் முன் எழுந்து பேசும் துணிச்சல், சேர்ந்து பாடும் பழக்கம் இவையும் தங்குகின்றன.

பயம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது சமய விவாதத்தால் தீரும் விஷயம் அல்ல. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. சுமித்ரயோ 1974 முதல் மனக்கவலையைக் கேட்பதற்கென்றே இயங்கும் அமைப்பு. உங்களை எந்தச் சமயத்துக்கும் திருப்ப அவர்கள் பேசுவதில்லை.

இனி, கட்டுவது. மூன்று பேரைச் சொல்கிறேன். மூவரும் மூன்று இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் என்பதால்தான் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாமவர் எழுத்தாளர் பாமா. 1958இல் விருதுநகர்ப் பக்கத்துப் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியையாக இருந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பி 1985இல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். உள்ளே அவர் கண்டது வேறு. ஏழ்மை விரதம் எடுத்தவர்கள் வசதியாக வாழ்ந்தார்கள், மடத்துக்குள்ளும் சாதி இருந்தது, கீழ்ப்படிதல் என்ற பெயரில் கேள்விகள் அடக்கப்பட்டன. ஏழு வருடம் கழித்து 1992இல் வெளியே வந்தார். கையில் வேலை இல்லை, பணம் இல்லை, வெளியுலகத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதுகூடப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. அந்த வருடமே அவருடைய 'கருக்கு' நூல் வந்தது. தன் ஊரையும் தெருவையும் பாட்டியையும் மடத்தையும் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார்.

பாமா செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் எந்த வரிசையில் செய்தார் என்பது. முதலில் ஒரு புதிய தத்துவத்தைத் தேடவில்லை. தனக்கு நடந்ததை, தான் கண்ணால் கண்டதை முதலில் எழுதினார். மடம் சொல்லிக்கொடுத்த பணிவின் கடவுளையும், தான் அறிந்த பாடுபடும் சனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். யேசுவை அவர் தூக்கி எறியவில்லை. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் யேசு, மடத்தில் காட்டப்பட்ட யேசுவிலிருந்து வேறானவர் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவு சொந்த அனுபவத்தில் நின்றதால்தான் அதில் உறுதி இருந்தது. மஹய்யாவையில் வளர்ந்த ஒருவருக்கு, பள்ளிக்கூடத்தில் 'எந்தப் பக்கம் வீடு?' என்று கேட்டு ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு, இந்தப் பாதை விளங்கும். ஒரு கொப்பி வாங்கி, சபையில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதுங்கள். சபையின் சொற்களை விட்டுவிட்டு எழுதுங்கள். 'சோதிக்கப்பட்டேன்' என்று எழுதாமல் 'அந்த மாசம் வாடகைக்குக் காசு இல்லை' என்று எழுதுங்கள். நம்பிக்கைக்கு வேண்டிய கச்சாப்பொருள் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாமவர் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தியவர், நமக்கெல்லாம் தெரிந்தவர். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, பெற்றோரை இழந்து, சமணத்தில் சேர்ந்து தருமசேனராகப் பெரிய பதவியில் இருந்து, சூலை நோயோடு அக்கா திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பி வந்த திருநாவுக்கரசர். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லும் கதை. இதைச் சமணத்தின் மேல் சைவம் கண்ட வெற்றியாகவே நமக்குச் சொல்லித் தந்தார்கள். சமணமும் தமிழுக்குச் சோறு போட்ட சமயம்தான், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியம் அந்த அக்கா. தம்பி தன் சமயத்தை விட்டுப் போன காலமெல்லாம் அவர் அதிகைக் கோயிலில் கூட்டி மெழுகித் தொண்டு செய்துகொண்டிருந்தார். நோயோடு தம்பி வந்தபோது வாதம் செய்யவில்லை, வாசலை அடைக்கவில்லை. திரும்பி வந்தவரும் கையில் எடுத்தது உழவாரப்படை. கோயில் கோயிலாகப் போய்ப் பாதையிலும் பிரகாரத்திலும் புல்லைச் செதுக்கினார். தர்க்கத்தில் தேர்ந்த பெரிய பண்டிதர், தன் நம்பிக்கையைத் திரும்பக் கட்டும்போது பாட்டோடு கைவேலையையும் சேர்த்துக்கொண்டார்.

இதில் பெரிய நடைமுறை உண்மை இருக்கிறது. மூளையால் மட்டும் நம்பிக்கை கட்டப்படுவதில்லை. உபவாச ஜெபம் இல்லாமல் போன வெள்ளிக்கிழமை மாலையில் கைக்கு ஒரு வேலை வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கண்டி ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோகலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், தவறாமல். 'மனிதருக்கு உதவுவது நல்லது' என்று ஆயிரம் முறை நினைப்பதைவிட, ஒரே ஆளுக்கு ஐம்பது வாரம் உதவிப் பார்த்தால் நாம் எதை நம்புகிறோம் என்பது நமக்கே தெரிந்துவிடும். பாட்டை விட முடியவில்லை என்றால் விடாதீர்கள். பாடுங்கள். பாட்டுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை.

மூன்றாமவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில், மார்த்தோமா சபையின் உயர்ந்த பொறுப்பிலிருந்த ஒரு குருவானவருக்குப் பிறந்தார். கல்கத்தாவில் தாவரவியல் படித்து 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர், பிறகு தென்னிலங்கையிலும் படிப்பித்து இந்த நாட்டிலேயே வாழ்ந்து முடித்தார். 1959இல் ஓய்வு பெற்ற பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, 1978இல் இறக்கும்வரை பேய், பில்லி, சாத்திரம், அற்புதம் என்று சொல்லப்பட்டவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று சவால் விட்டார். யாரும் வெல்லவில்லை.

கோவூரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் பார்த்த முறைதான். பேய் பிடித்தது என்று கூப்பிட்டால் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார். பெரும்பாலும் பேய்க்குப் பின்னால் சொல்ல முடியாத ஒரு துயரம், ஒடுக்கப்பட்ட ஒரு பெண், கவனிக்க ஆளில்லாத ஒரு பிள்ளை இருக்கும். அவருடைய அனுபவம் ஒன்றிலிருந்துதான் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்', தமிழில் 'மறுபிறவி' படங்கள் வந்தன. ஆனால் ஒன்று. கோவூரின் உறுதி எல்லாருக்கும் ஒத்துவராது. நேற்றுவரை ஒரு உறுதியின் கீழ் மூச்சுத் திணறியவர், இன்று எதிர்ப்பக்கத்து உறுதியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிக்கிற அம்மாவைக் கிண்டல் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். மனதை வருத்தும் காட்சி அது.

இந்த மூவரையும் பார்த்த பிறகு, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்ற வேலை கொஞ்சம் எளிதாகும். வீட்டை இடித்துக் கட்டும்போது நல்ல கதவு நிலையை யாரும் எரிப்பதில்லை. சபை சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து, 'இதைப் பயமில்லாமல் இருந்தாலும் நான் செய்வேனா?' என்று கேட்டுப் பாருங்கள். குடிக்காமல் இருப்பது: நரகம் இல்லை என்றாலும் நான் குடிக்க மாட்டேன், ஏனென்றால் குடித்தவர் வீடு எப்படி இருக்கும் என்று கண்டிருக்கிறேன். அது இனி என்னுடையது. மாதவிலக்கு நாளில் மேடையேறக் கூடாது என்றது: பயத்தை எடுத்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. போகட்டும். சிலவற்றுக்கு உடனே பதில் வராது. ஜெபம் அப்படிப்பட்டது. யாரிடம் பேசுகிறேன் என்று தெரியாமலே இரவில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடவுள் என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வர வேண்டும். அப்போது அதை மிரட்டல் இல்லாமல் கேட்க முடியும். சிலர் கண்டிப்பில்லாத வேறொரு தேவாலயத்துக்குப் போகிறார்கள், சிலர் தாத்தா கும்பிட்ட மாரியம்மனிடம் திரும்புகிறார்கள், சிலர் பன்சலையில் தியானம் பழகுகிறார்கள், சிலர் இல்லை என்று முடிக்கிறார்கள். போகும் இடத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள். அங்கே 'எனக்குத் தெரியவில்லை' என்று சொன்னால் என்ன நடக்கிறது? முகம் சுளித்தால், தனியே அழைத்து எச்சரித்தால், நீங்கள் விட்டு வந்த இடத்துக்கே திரும்பப் போயிருக்கிறீர்கள்.

பாதுகாப்பையும் சொல்லாமல் விட முடியாது. எல்லாச் சமூகத்திலும் எல்லாவற்றையும் வெளிப்படையாக அறிவிக்க முடியாது. கோயம்புத்தூரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான, திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பாரூக் 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு 31 வயது. தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி.ரசூல் சமயத்தை விட்டவர்கூட இல்லை, உள்ளே நின்று கேள்வி கேட்டவர். ஒரு கட்டுரைக்காக 2007இல் அவரை ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. ஃபேஸ்புக்கில் அறிவிப்பதால் உண்மை கூடிவிடாது. சொந்த வருமானம், தங்க ஒரு இடம், நம்பிச் சொல்ல ஒருவர் இவை இல்லாமல் வீட்டில் போட்டு உடைக்காதீர்கள், அதுவும் பெண்பிள்ளையாக இருந்தால்.

சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் இருக்கிறது. இலங்கை அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதற்கு அடுத்த 10ஆம் உறுப்புரை, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உள்ள சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ வைத்திருப்பதும் ஏற்றுக்கொள்வதும் அதில் அடங்கும். பேச்சுரிமை போன்றவற்றுக்கு அரசு கட்டுப்பாடு போடலாம், 10ஆம் உறுப்புரைக்குப் போட முடியாது. ஆனால் அன்றாட அலுவல்களில் சமயம் இல்லாதவருக்கு இடம் குறைவு. 2012 குடிசன மதிப்பீட்டின் சமய அட்டவணையில் 'ஏனையவை' என்ற ஒரு நிரல் இருந்தது, 'சமயம் இல்லை' என்று ஒன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம்வரை பிள்ளை ஏதாவது ஒரு சமயத்தைப் பாடமாக எடுக்க வேண்டும். அதில் பிள்ளையைப் போராட வைக்காதீர்கள். பாடம் பாடமாகப் படிக்கட்டும், வீட்டில் கேள்வி கேட்க இடம் இருந்தால் போதும்.

மரணம் வரும்போதுதான் எல்லாம் முட்டிக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் சாவு விழுந்தால் மஹய்யாவை மயானத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். புதைக்கவும் இடம் உண்டு, எரிக்கவும் வசதி உண்டு. யார் வந்து ஜெபிப்பது, தேவாரம் படிப்பதா, பாட்டா என்று பிரேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறவுகள் சண்டை போடுவது கொடுமை. கோவூர் இதையும் முன்கூட்டியே முடித்து வைத்திருந்தார். கண்களைத் தானம் செய்தார், உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்தார், எலும்புக்கூடு தான் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்தார். அவ்வளவு வேண்டியதில்லை. உங்கள் விருப்பம் எதுவோ அதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, வீட்டில் ஒருவரிடமும் வெளியே ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். உடல் தானம் என்றால் பேராதனை மருத்துவ பீடத்தில் முன்கூட்டியே கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும்.

கடைசியாக வீட்டாருக்கு. உங்கள் பிள்ளை சபைக்கு வருவதில்லை என்றால் உங்களுக்குத் தூக்கம் வராது, எனக்குத் தெரியும். உண்மையிலேயே அந்தப் பிள்ளை நரகத்துக்குப் போகும் என்று நம்புகிறீர்கள், அந்த வலி நடிப்பு அல்ல. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். கிறிஸ்மஸுக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும். எல்லாரும் ஜெபத்துக்கு எழும்பும்போது அது தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருக்கும். உங்களுக்கு மரியாதை கொடுப்பதால்தான் அப்படி இருக்கிறது. அதற்கு மேல் எதையும் பிடுங்கப் பார்க்காதீர்கள். ஜெபத்துக்குள்ளே பிள்ளையின் பெயரைச் சொல்லி அழாதீர்கள். பாஸ்டரைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைக்காதீர்கள். உங்களுக்கு ஜெபிக்க வேண்டுமென்றால் அது போன பிறகு அறைக்குள் ஜெபியுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. இருக்கும்வரை சோற்றைப் போட்டு, வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.